பேச்சு நின்ற நாளின் செக்குபந்தி

ஆனி மாதக் கடைசி வியாழக்கிழமை, விழுப்புரத்தில் குழந்தைகள் நல மருத்துவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை. "பாப்பாவுக்குப் பேச்சு எப்போலேர்ந்து குறைஞ்சுது?" என் தங்கை என்னைப் பார்த்தாள். அவள் கணவரும் என்னைப் பார்த்தார். தேதி என்று வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"நோட்டுல இருக்குதுங்க. பார்த்து எழுதிக்கிட்டு வரேன்" என்றேன்.

குழந்தைக்கு அப்போது இரண்டேகால் வயது. தங்கைக்கு ஒரே மகள். மூலையில் சுழன்ற மேசை விசிறியின் முன்னால் நின்றுகொண்டு, அது திரும்பும் பக்கமெல்லாம் தானும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மருத்துவர் நெடுநேரம் அவளோடு தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, வாரா வாரம் பயிற்சிக்கு வாருங்கள், வீட்டிலும் தினமும் செய்யுங்கள், இந்த வயதில் தொடங்குவது நல்லது என்றார். யாருடைய தப்பும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொன்னபோது தங்கையின் கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

நான் செஞ்சியில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்கிறேன். பத்திரத்தில் ஒரு நிலத்தை அடையாளம் காட்ட, அதன் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுவோம். கிழக்கே யாருடைய புஞ்சை, மேற்கே எந்த வாய்க்கால். செக்குபந்தி என்று அதற்குப் பெயர். வருடக்கணக்கில் அதையே தட்டித் தட்டி, என் நாட்குறிப்பும் அந்த மாதிரியே ஆகிவிட்டது. மழை பெய்த நாள், மலையில் தீப்பிடித்த நாள், குரங்குகள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்ட நாள் என்று எதை எழுதினாலும், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று இரண்டு பக்கமும் எல்லை கட்டிவிடுவேன். பழைய ஊர்க்குறிப்புகளைத் தேடிப் பிடித்து வாசிக்கிறவள் நான். எப்போதோ செத்துப்போனவன் ஒரு தேதியைத் தப்பாக எழுதியிருந்தால்கூட எரிச்சல் வரும். "சித்திரகுப்தன் லீவு போட்டா உங்க அக்காவக் கூப்புட்டுக்கலாம்" என்று தங்கையின் கணவர் கேலி செய்வார். அவர் டிராக்டர் உதிரிப்பாகக் கடையில் வேலை பார்ப்பவர், சிரித்த முகம்.

அடுத்த வியாழனுக்குள் இரண்டு தாளில் எழுதி முடித்தேன். நடந்த நாள், பல் முளைத்த நாள், காய்ச்சல்கள் எல்லாம் இருந்தன. பேச்சுக்கு ஒரே ஒரு நாள் போட்டேன். மாசி அமாவாசைக்கு மறுநாள், "அம்மா" என்று கடைசியாகச் சொன்ன நாள். அதற்கு வழக்கம்போல எல்லையும் கட்டினேன். முன்பு: மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் மயானக்கொள்ளைத் திருவிழா, தாயும் குழந்தையும் ஸ்பெஷல் பஸ்ஸில் போனது, கூட்டத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. பின்பு: இரண்டு நாள் காய்ச்சல்.

அந்த வியாழன் பஸ்ஸில் தங்கையின் கணவர் கையை நீட்டினார். "குடுங்கக்கா, நானும் ஒரு தடவ பாக்கறேன்."

முதல் தாளைச் சீக்கிரம் படித்தார். இரண்டாவதில் நின்றுவிட்டார்.

"அக்கா, மாசி அமாவாசை அன்னிக்கு இவங்க ரெண்டு பேரும் உங்க வூட்லதான இருந்தாங்க?"

குரலில் கோபமே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். தங்கை பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்விட்டு, என் வீட்டில் இருந்ததாகச் சொல்லிவிட்டாள். அன்று மாலை என்னிடம் வந்து நடந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் போனதும் நான் நோட்டில் எழுதினேன். எழுதியதை இப்போது அப்படியே பெயர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தங்கை குழந்தையின் தலைமுடியில் விரலால் வகிடு எடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் தாள்களை மடிப்புக் கலையாமல் மடித்து, விழுப்புரத்தில் மருத்துவரிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "இவ மாசமா இருந்தப்ப எழுதுன நோட்டும் இருக்குதா அக்கா? கிரகணம் எதுனா வந்துதா அப்ப?" இன்னொரு நாள் கடையிலிருந்து போன் செய்து, அந்தக் காய்ச்சல் காலையில் வந்ததா சாயங்காலம் வந்ததா என்று கேட்டார். தங்கை வீட்டுக்குப் போனால், குழந்தையை எதிரில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, "தா" என்று சொல்லிவிட்டு அவள் பார்ப்பதற்காகக் காத்திருக்கும் பயிற்சியைத் தங்கை தனியாகச் செய்துகொண்டிருப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடி இரண்டாவது ஞாயிறு, அனந்தபுரத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். நானும் அங்கே இருந்தேன். என் தாள்களின் படம் அந்த அம்மாளின் போனுக்கும் போயிருந்தது.

"இன்னாம்மா, மயானத்துல கொண்டுபோயி நிறுத்துனியாமே பச்சக்கொழந்தய?"

"நான் மட்டுமா அண்ணி போனேன்? ஊரே போவுது. அங்க ஆயிரம் கொழந்தைங்க இருந்துச்சு" என்றாள் தங்கை.

"அந்த ஆயிரமும் பேசுது. உன்னுதுதான் பேசல."

தங்கை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாள் அதைத் தொடாமல் என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதி வெக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. நல்ல காரியம் பண்ணீங்க."

பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார். வரும் அமாவாசையிலிருந்து மூன்று அமாவாசைக்குக் குழந்தையை அங்காளம்மன் வாசலில் படுக்கவைக்க வேண்டும். பயந்த இடத்திலேயே பயத்தைக் கழிக்க வேண்டும். அதுவரை குழந்தை அனந்தபுரத்தில் இருக்கட்டும். விழுப்புரம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்ப நானு?" என்றாள் தங்கை.

"நீ உங்க அக்கா வூட்ல இரு. அங்கதான இருந்தேன்னு சொன்ன?"

தங்கை கணவரைப் பார்த்தாள். அவர் குழந்தையின் செருப்பு ஒன்றை எடுத்து அதன் வாரைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அமாவாசை. வெள்ளிக்கிழமை வந்து குழந்தையைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்தார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். குழந்தை பிறந்ததிலிருந்து எழுதிய நோட்டுகளைத் தரையில் பரப்பி, ஒரு பக்கம் விடாமல் படித்தேன். மருத்துவர் கேட்டது பேச்சு எப்போது குறைந்தது என்று. நான் எழுதிக்கொடுத்தது எப்போது நின்றது என்று. ஒரு நாள் கிடைத்ததும், அது அத்தனை சுத்தமாக இருந்ததும், தேடுவதை நிறுத்திவிட்டிருக்கிறேன். நான் தேடியது மூன்று நோட்டுகளில் இருந்தது. மூன்றும் என் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். தங்கை குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவர் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார்.

"மாப்ள, நான் எழுதிக் குடுத்தது தப்பு. இத பாருங்க."

முதலாவது மாட்டுப் பொங்கல் அன்று எழுதியது. குழந்தைக்கு ஒன்பது மாதம். பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டோம், திரும்பவில்லை. தெருவில் மாட்டின் மணிச் சத்தத்துக்குத் திரும்பினாள். மாப்பிள்ளை, "நைனா கூப்புட்டா மதிக்கமாட்டியா? மகாராணிக்குத் திமிரப் பாரு" என்று சிரித்தார்.

இரண்டாவது, அதற்கு அடுத்து வந்த ஐப்பசி. "காக்கா" என்று கடைசியாகச் சொல்லி இன்றோடு இருபது நாள்.

மூன்றாவது மார்கழி. இப்போது "தா"வும் இல்லை. வேண்டியதற்கு நம் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

அவர் மாட்டுப் பொங்கல் நோட்டுக்கே திரும்பி வந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"சிரிச்சேன் இல்ல?"

"எல்லாரும் சிரிச்சோம்."

"அப்ப இது எப்பதான் தொடங்குச்சு?"

"தொடங்குன நாளுன்னு ஒண்ணு கிடையாது மாப்ள. மேல்மலையனூருக்கு முன்னாடியே ரெண்டு வார்த்த போயிடுச்சு. கடைசி வார்த்த போன நாள மட்டும் பிடிச்சுக்கிட்டு நான்தான் எல்லை கட்டிட்டேன்."

அவர் போனை எடுத்து வாசலுக்குப் போனார். பேசியது உள்ளே கேட்டது. "பாப்பா இங்கயே இருக்கட்டும்க்கா... இல்ல, வியாழக்கெழம விழுப்புரம் போறோம்... அவ மேல தப்பு இல்லன்னு சொல்றேன் இல்ல? பொய் சொன்னது வேற. அத நான் பேசிக்கறேன்." திரும்பி வந்து, தங்கையைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குழந்தை வீட்டில் இருக்கும் என்று ஆகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. தங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்து ஐப்பசி நோட்டை எடுத்தாள்.

"இருவது நாளுன்னு எண்ணியிருக்கியேக்கா."

"ம்."

"எண்ணிட்டு, இங்க வந்து எங்கிட்ட காப்பி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருக்க."

பிள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி என்று நினைத்தேன் என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. கல்யாணம் பண்ணாதவள், பிள்ளை பெறாதவள், நல்லா இருக்கிற குழந்தைக்கு ஒரு குறை சொன்னால் கண்ணு வைத்துவிட்டாள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நோட்டில் எழுதினேன். அதையும் சொன்னேன்.

"நான் எப்பனா அப்படி நெனச்சிருக்கேனா?"

"நீ நெனைக்கல. நான் நெனச்சேன்."

"ஐப்பசில சொல்லியிருந்தா ஐப்பசிலயே போயிருப்போம்க்கா." நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். மீதி இட்லியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் நோட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐப்பசியிலிருந்து ஆனி வரைக்கும் எத்தனை வியாழக்கிழமை என்று வழியெல்லாம் மனம் எண்ணப் பார்த்தது. எண்ணவிடாமல் வேகமாக நடந்தேன்.

வியாழன் காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மூன்று பேரும் நின்றிருந்தார்கள். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். தங்கை என்னைப் பார்த்ததும் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். எங்கிட்ட சொல்லாம வேற எதுனா எழுதி வெச்சிருக்கியா?"

பஸ் வந்தது. ஏறினோம். தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஓடுவதைப் பார்க்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, தங்கையின் நாத்தனார் பேசிக்கொண்டிருந்தபோது, குழந்தை பிஸ்கெட்டை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. கண் ஓரிடத்தில் குத்தியிருந்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது. தொட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பிஸ்கெட்டைக் கடித்தாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும், நாங்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், வாயில் இட்லியோடு. இரண்டு முறையும் நான் மட்டும்தான் பார்த்தேன். இரண்டு முறையும் வீட்டுக்குப் போய் எழுதினேன். வலிப்பாக இருக்குமோ என்று மனதில் வந்ததை மட்டும் எழுதவில்லை.

சொன்னேன். கிழமையோடு, ஒன்றும் விடாமல்.

தங்கை குழந்தையின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். குழந்தை கையைத் தட்டிவிட்டு மறுபடி கம்பிக்குப் போனாள்.

"எவ்ளோ நேரம்?"

"பத்து எண்ணுற வரைக்கும். ரெண்டாவது தடவ அதவிட கொஞ்சம் கூட."

முன் சீட்டிலிருந்து அவர் திரும்பினார். "இன்னாது பத்து?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் குழந்தையின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அவருக்கும் சொல்லு" என்றாள். "மொதல்லேர்ந்து. அங்க போனதும் டாக்டர்கிட்டயும் நீயே சொல்லு."