காற்றுப் படாத இலை

பென்னலூர், 1991. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். சாலையோரம் கிணறு வெட்டுகிறார்கள். மேலே வந்த வெள்ளைக் களிப்பாறை ஒன்றை மண் சுமக்கும் பெண் சுத்தியால் தட்டுகிறார். அது இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே நரம்பு நரம்பாக ஓர் இலையின் அச்சு.

"இது இன்னா எலை சார்?"

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தினதும்மா. இந்த மரம் இப்ப எங்கேயுமே இல்ல. சேத்துல விழுந்ததும் மேல சேறு மூடிடுச்சு. காத்துப் படாததால சீக்கிரம் மக்கல. அதுக்குள்ள சேறு இறுகி, அச்சு நின்னுடுச்சு."

அவர் சுத்தியைக் கீழே வைக்கிறார்.

"எங்க வூட்டுக்காரரு பம்பாய்க்குப் போயி நாலு வருசமாவுது. ஒரு கடுதாசி இல்ல. வாசனை நிக்கட்டும்னு அவரு சட்டைய தொவைக்காம பொட்டில வச்சிருந்தேன். தெனம் தொறந்து தொறந்து பாத்துக்கினே இருந்தேன். போயிட்ச்சு சார்."

கல்லை எனக்குத் தர முடியுமா என்று கேட்கிறேன். இரண்டு பாதிகளையும் பழையபடி சேர்த்து, சும்மாட்டுத் துணியில் இறுக்கிக் கட்டித் தருகிறார்.

"தொறக்காம எடுத்துக்கினு போங்க."

பஸ்ஸில் அது என் மடியில் கனக்கிறது. தண்டலம் வருவதற்குள் இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன்.