கேபிளுக்குப் பொட்டு

எண்ணூர் பக்கம் எங்கள் ஆபீஸ். துறைமுகங்களுக்காக அலைகளைக் கணக்குப் போட்டுத் தரும் இடம். நிறைய கம்ப்யூட்டர்களை, தகவலைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் பெட்டிகள், கேபிள் என்று கோத்து ஒன்றாக ஓட்டுகிறோம். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று பார்த்து, தகவல் போக வழி போட்டுக் கொடுப்பது ஒரு மென்பொருள். அதை மேய்ப்பது நான். ஐந்து நாள் ஓடும் ஒரு கணக்கு அறுபடாமல் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் ஆயுத பூஜை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்த எனக்கு அது வெறும் லீவு. பூஜை போடும் எலக்ட்ரீஷியனிடம் எதையும் ஆஃப் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரும் எதையும் ஆஃப் செய்யவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் போகும் தடித்த கேபிள் அத்தனையிலும் சந்தனம், குங்குமம். போதாததற்குப் பாதிக் கேபிள்கள் இடம் மாறியிருந்தன. பூச்சரம் நேராகத் தொங்கவில்லையாம். காலியாக இருந்த ஓட்டைகளில் சொருகி வரிசையாக்கியிருக்கிறார். அவரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"ஒன்ன கயட்டி, பொட்டு வச்சி, சொருவி, பச்ச லைட்டு வந்தப்பறந்தான் மேடம் அட்தத தொட்டேன்," என்றார். "பேசின் பிரிட்ஜ் ரயிலு யார்டுல வேல செஞ்சவன் நானு. ரெண்டு லைன ஒண்ணா தொட மாட்டேன்."

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, மென்பொருள் சலிக்காமல் புது வழி போட்டுக் கொடுத்திருக்கிறது.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த என் வரைபடத்தைப் பென்சிலால் திருத்தினால் முடிந்த வேலை. ஆனால் படித்தவளாயிற்றே, படத்தில் உள்ளபடிதான் கேபிள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு. பழைய இடத்துக்கே மாற்றப் போனேன். அவசரத்தில் இரண்டு கையாலும் இரண்டு கேபிளைப் பிடுங்கினேன். அந்த ஸ்விட்சுக்கு இருந்த வழியே அந்த இரண்டுதான். அதில் தொங்கிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய கணக்கு நின்றுவிட்டது.

மேனேஜர் வந்தார். சந்தனத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்து பூச்சரத்தை அவிழ்க்க ஆரம்பித்தார். பாதிச் சரம் அவிழும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினேன். பத்து விரலிலும் சந்தனம்.

"நான்தான் சார் பிடுங்கினேன். ரெண்டையும் ஒண்ணா."

என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போனது. இனிமேல் கேபிளை எலக்ட்ரீஷியன் மட்டுமே தொடலாம் என்று சர்க்குலரும் வந்தது. இப்போதெல்லாம் எது எங்கே போக வேண்டும் என்று நான் படம் போடுகிறேன், அவர் மாற்றுகிறார். பொட்டில்லாமல் அவர் ஒரு கேபிளையும் சொருகுவதில்லை. பச்சை விளக்கு வரும்வரை சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்பது நான்.