மாமா விற்காத கார்புரேட்டர்

என் தாய்மாமனுக்கு வாய் ஒன்றுதான். அதில் விலை மட்டும் இரண்டு இருந்தது. காலையில் ஒருவர் தன் காரிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்தால், அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, இனிமேல் இது வெறும் பித்தளைதான் என்று உதட்டைப் பிதுக்குவார். சாயங்காலம் அதே சாமானைப் புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, இந்த மாதிரி இன்னொன்று மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று வேறொருவரிடம் சத்தியம் செய்வார். இரண்டையும் அவர் மனதார நம்பியே சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும், அதுவும் மருந்துபோல. கார் வைத்திருந்தவர்கள் பலர் வண்டியின் பின்னால் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டுக் கொளுத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்ட ஆரம்பித்தார்கள். கரிவண்டி என்று பெயர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டிவிடுகிற கார்புரேட்டருக்குக் கரிவண்டியில் பெரிய வேலையில்லை. அப்படி வேலையிழந்த கார்புரேட்டர்களை வாங்கி, சுத்தம் செய்து, இன்னும் பெட்ரோல் கிடைக்கிற செல்வாக்குள்ளவர்களுக்கு விற்பதுதான் மாமாவின் தொழில். குமணன்சாவடி முனையில் தகரக் கூரை போட்ட கடை.

எங்கள் வீடு நூம்பலில். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது அவருக்கு மத்தியானச் சோற்றைத் தூக்கில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாடு தெரியாது, கார்புரேட்டர் தெரியும். உள்ளே மிதக்கிற பித்தளைக் குடுவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் சலசலக்கக் கூடாது, சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். பெட்ரோல் வருகிற சின்னத் துளையில் அழுக்கு அடைத்தால் வாயால் ஊதவேண்டும், கம்பி விடக்கூடாது. கம்பி விட்டுத் துளையைப் பெரிதாக்கிய மேஸ்திரிகளை மாமா காது கூசுகிற மாதிரி திட்டுவார். ஆனால் அவர்கள் கெடுத்த சாமான்களைத்தான் மலிவாக வாங்குவார். கடைசியில் வாங்குகிறவரின் காரிலேயே மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு திருகாணியைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருப்புவார். இன்ஜின் ஒரு சீராக ஓடத் தொடங்கியதும், அதன் தலையில் ஒரு தம்ளர் டீயை வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிற்பதைக் காட்டுவார். பிறகு அதை எடுத்துக் குடித்துவிடுவார். டீக்காசும் கார்க்காரர் தலையில்தான்.

அப்பாவிடம் ஒரு பழைய வாடகைக் கார் இருந்தது. ஆவடியில் ராணுவ முகாம் கட்டிக்கொண்டிருந்த நேரம். அங்கே வேலை பார்த்த நாலு குமாஸ்தாக்களைத் தினமும் விடிந்ததும் குமணன்சாவடியில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார். அந்த நாலு பேரால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. கூப்பன் போதவில்லை என்றானதும், மாமா ஒரு பழைய கரி உருளையைத் தேடிக்கொண்டு வந்து மாட்டித் தந்தார். பதிலுக்குக் கார்புரேட்டரைக் கேட்டார். அப்பா தயங்கினார். அது இருந்தால் துளிப் பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பிவிடலாம். ஓடுகிற இன்ஜின் தானே வாயுவை இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால், உருளையோடு சேர்ந்த காற்றுவிசிறியைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் வாயுவை வரவழைக்க வேண்டும். அதற்குக் கால் மணியோ அரை மணியோ ஆகும். எங்கள் வீட்டில் அந்த விசிறிக்குத் துருத்தி என்று பெயர் வைத்தோம்.

என் தம்பி எனக்குக் கெடுதல் செய்வானா என்று அம்மாதான் பேசி முடித்தாள். கார்புரேட்டர் மாமா கடைக்குப் போயிற்று.

துருத்தி சுற்ற முதலில் ஒரு பையன் இருந்தான். முகாமில் நல்ல கூலி என்று அவனும் ஆவடிக்கு ஓடிவிட்டான். அப்பா கரியைத் தட்டி, சாம்பலை வாரி, நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அம்மா சுற்றினாள். மாவரைக்கிற கை, இதைச் சுற்ற மாட்டாதா என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

ஒரு மாதத்தில் அவளுக்குத் தலைவலி வந்தது. காலையில் வரும், வாந்தி வரும், நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சோறு வடிப்பாள். மத்தியானம் கழனிப் பக்கம் போய் வந்தால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தாக்களுக்கு விடுமுறை; அன்று தலைவலியும் இருக்காது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாந்தியைப் பார்த்துவிட்டு எனக்குத் தம்பி பிறக்கப் போகிறான் என்றார்கள். ஒருவர் பித்தம் என்றார், ஒருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமையையும் துருத்தியையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரக் குடும்பம்.

ஒருநாள் சோற்றுத் தூக்கை வைக்கப் போனபோது, மாமா கடை மூலையில் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் எங்கள் கார்புரேட்டரைப் பார்த்தேன். அதன் வயிற்றில் அப்பா செப்புத் தகடு வைத்துப் பற்றவைத்த ஒட்டு இருக்கும், பிறை நிலா மாதிரி. எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? மாமா அதை விற்கவேயில்லை. முகாமுக்குச் சரக்கு எடுக்கிற பெரிய காண்ட்ராக்டர் ஒருவரிடம் அதே மாதிரி கார் இருந்தது. அவருடைய கார்புரேட்டர் இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும் என்று மாமாவின் காது சொல்லியிருந்தது. அதுவரை காத்திருந்தால் கேட்ட விலை கிடைக்கும்.

நான் பார்த்துவிட்டதை மாமா பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாமா தலைமேல சத்தியம் பண்ணு. சொன்னேன்னு வையி, மாமா தலை வெடிச்சிப் பூடும். அப்பால உனக்கு மாமா இல்ல."

எண்ணெய் மணக்கும் அந்தத் தலையில் என் கை இருந்தது. நான் சத்தியம் செய்தேன். அந்தத் தலை வெடிக்காமல் காப்பது அன்றிலிருந்து என் பொறுப்பாயிற்று. ராத்திரி சாமி கும்பிடும்போதுகூட வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்று பயப்படுவேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அயனம்பாக்கம் ஏரி தளும்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். உருளையை மாட்டிய நாளில், வண்டி நிற்கிற கொட்டகையின் ஓலைப் படலைத் திறந்துவைத்துக்கொண்டு சுற்றுங்கள் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சாரல் அடித்தால் கரி நனைந்துவிடும், நனைந்த கரி பற்றாது. படலைச் சாத்தி, இடுக்கில் சாக்கையும் அடைத்தோம். சாக்கை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அம்மாவால் தாங்க முடியாமல் போன ஒருநாள், தூக்கை அவளே எடுத்துக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். நின்றபடியே கேட்டாள்.

"டேய், அந்தச் சாமானைத் திருப்பிக் குட்த்துடுடா. என்னால சுத்த முடியல. தலைக்குள்ள யாரோ இடிக்கிறாப்பல கீது."

மண்ணெண்ணெய்த் தகரம் அவள் முந்தானைக்கு இரண்டு முழ தூரத்தில் இருந்தது. மாமா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அது அப்பவே வித்துப் பூட்ச்சிக்கா. பத்து நாள் பொறு, வேற ஒண்ணு பாத்துத் தரேன்."

அம்மா நம்பினாள். தம்பியை நம்பாமல் அவளுக்குப் பழக்கமில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து நெற்றியை அழுத்திக்கொண்டே, என்னிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"தெனம் போறியே, கடைல நம்ம வண்டிச் சாமான் எங்கியாச்சும் கண்ணுல பட்ச்சா?"

"இல்லம்மா" என்றேன். மாமாவின் தலை பிழைத்தது.

பத்து நாள் ஆகவில்லை. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, விடியும் நேரத்தில் நான் பாயில் படுத்தபடி துருத்தியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே கரகரவென்று அது சீராக வந்துகொண்டிருந்தது. அப்பா நனையாத கரி எடுக்க வீட்டுப் பரணில் ஏறியிருந்தார். பிறகு சத்தம் மெதுவாகி, விட்டுவிட்டு வந்து, நின்றது. நெருப்புப் பிடித்துவிட்டது, அம்மாவுக்கு இன்றைக்குச் சீக்கிரம் வேலை முடிந்தது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் புரண்டு படுத்தேன். இன்ஜின் சத்தம் கேட்பதற்குப் பதிலாக அப்பாவின் சத்தம் கேட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா அந்தக் கார்புரேட்டரைக் கோணியில் சுற்றிக்கொண்டு வந்து, தானே வண்டியில் மாட்டினார். அப்பா அந்தப் பிறை ஒட்டைப் பார்த்தார். மாமா திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் திருப்பியும் அன்றைக்கு அவருக்குச் சுருதி கூடவில்லை. அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. ஆக்கிக் கொடுக்கவும் வீட்டில் யாரும் இல்லை.

இருபது வருஷம் கழித்து, என் இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொண்ட டாக்டரம்மா, உன் தாய் எப்படி இறந்தார் என்று கேட்டார். எல்லாரிடமும் சொல்வதுபோலவே சொன்னேன்: என்ன நோய் என்று தெரியாது, சுமங்கலியாகப் போனாள், போனபோதுகூட முகம் ரோஜா மாதிரி இருந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்போது அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். சொன்னேன். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது என்றும், மூச்சில் போனால் ரத்தத்தையே அது சிவக்க வைத்துவிடும் என்றும் அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

அம்மா போன அன்றைக்கு எனக்கு அது தெரியாது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் துணிக்கட்டு இல்லை. கன்னம் சிவந்து, உதடு வெற்றிலை போட்டதுபோல் இருந்தது. வந்த பெண்கள் எல்லாரும் அழுகைக்கு நடுவிலும் வாயில் கைவைத்து, மகராசி, சாவிலும் என்ன களை என்றார்கள். என் அம்மாவை யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, புதிதாக உள்ளே வருகிறவர்களிடம் எல்லாம் முகத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தேன். மாமா கடைசியில் வந்தார், நனைந்துபோய்.

"மாமா, அம்மா மூஞ்சியப் பாரேன், எவ்ளோ செவப்பா கீதுன்னு."

மாமா பார்த்தார். முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், குனிந்து அவள் விரலைப் புரட்டி நகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மழையில் இறங்கிப் போனார். எல்லாரும் புகழ்ந்தார்களே, சொந்தத் தம்பி ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.