குணசுந்தரி ஓட்டிய பெட்டி பிளேன்

கும்மிடிப்பூண்டியில் தெர்மாகோல் பேக்கிங் செய்யும் கம்பெனி ஒன்றில் குணசுந்தரிக்கு அறுக்கும் வேலை. சூடேறிய கம்பியால் பலகையை அறுத்து அளவாக்க வேண்டும். கழித்துப்போட்டவற்றில் நல்லதாகப் பார்த்து, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஆரம்பாக்கத்துக்கு எடுத்து வருவார். அதில் ரிமோட்டில் பறக்கும் விமானம் செய்வார். வயது நாற்பத்து நான்கு. கணவர் லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பவர்.

குணசுந்தரியின் விமானத்துக்கு உடம்பே ஒரே பலகைதான். பக்கத்திலிருந்து பார்த்தால் விமானம். மேலிருந்து பார்த்தால் வெறும் கோடு. தம்பி பார்த்திபன் அப்படிச் செய்ய மாட்டார். பல்சா என்ற லேசான மரத்தில் சட்டம் சட்டமாக அடுக்கி, நான்கு புறமும் மூடி, உள்ளே கூடாக இருக்கும் முழு உடம்பு கட்டுவார். வீட்டில் ஒன்றுக்குத் தட்டை பிளேன் என்றும் மற்றதற்குப் பெட்டி பிளேன் என்றும் பெயர்.

ஊர்க்காரர் கலியனின் அறுவடை முடிந்த வயலில் இருவரும் விமானங்களைப் பல்டி அடிக்க விட்டு விளையாடுவார்கள். பறக்கும் நேரத்தைவிடச் சண்டை போடும் நேரம் அதிகம்.

"உன்து சப்பாத்தி, அக்கா. பழவேற்காட்டுக் காத்து லேசா தட்டுனா வாலு முறுக்கிக்குது."

"உன்து மூக்கு ஒடஞ்சா மாசக்கணக்குல ஒட்டிக்கினு குந்தியிருப்பே. என்துக்கு ரெண்டு சொட்டு கோந்து போதும்டா."

"இன்னாமே, ரெண்டு பேரும் கத்தறதுல என் வயலாண்ட ஒரு கொக்கு வர்ல," என்பார் கலியன்.

சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. தட்டை லேசானது, மெதுவாகப் பறக்கும், மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி ஒரே இடத்தில் தொங்கவும் செய்யும். காற்று எழுந்தால் மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்காது. பெட்டி முறுக்கிக்கொள்ளாது. காற்றிலும் போட்ட கோட்டில் போகும். ஆனால் கனம், வேகம்.

போன வருடம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்திபனுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதுதான் கட்டி முடித்திருந்த பெட்டி பிளேன் ஒரு தடவைகூடப் பறக்காமல் உத்தரத்தில் தொங்கியது.

வருஷத் தெவசத்துக்கு முன்பு அவர் மனைவி நர்மதா கேட்டார்.

"அண்ணி, அத நீங்க ஒரு வாட்டி பறக்க வுடுங்க."

"எனக்குத் தட்டைதான் கை வரும். ஒடஞ்சிதுன்னா அவன் கையால செஞ்சது வேற ஒண்ணும் இல்ல நம்மகிட்ட."

"பறக்காம தொங்கினு இருக்கறத தினம் பாக்க முடில அண்ணி."

குணசுந்தரி ஸ்டூலைப் போட்டு ஏறி, விமானத்தை உத்தரத்திலிருந்து இறக்கினார்.

தெவசத்தன்று பெட்டி பிளேனும் படையலில் இருந்தது. புது வண்டிக்கு வைப்பதுபோல நர்மதா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மூக்கில், இறக்கையில், முன்னால் சுற்றும் விசிறியின் இரண்டு தகட்டிலும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனவரைக் குணசுந்தரி தடுத்தார். "இது ஆட்டோ இல்ல நர்மதா, தடுக்கி வுழும்." நர்மதா சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

மறுநாள் காலைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. ஒரு தகட்டில் கட்டியாக, மற்றதில் லேசாக. குணசுந்தரி அதைப் பார்த்தார். தம்பியின் படையலில் வைத்த பொட்டு. துடைக்கக் கை வரவில்லை. சுற்றுகிற வேகத்தில் தெறித்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

நர்மதா வரப்பில் நின்று பார்க்க, வயலில் விமானத்தைக் கையில் பிடித்து மோட்டாரை முழுவேகத்தில் ஓட்டிப் பார்த்தார். தட்டையில் விசிறியின் இரண்டு தகடும் ஒரே கனமாக இல்லையென்றால் பலகை முழுவதும் படபடக்கும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பெட்டி அசையவில்லை. அந்த அதிர்வை அதன் விறைப்பான உடம்பு வெளியே காட்டவில்லை. எல்லாம் சரி என்று நினைத்து ஏற்றினார்.

கடல் காற்று ஆரம்பித்திருந்தது. ஒரு இறக்கை வானத்தையும் மற்றது மண்ணையும் பார்க்கும்படி விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். தட்டை இந்தக் காற்றில் இப்படி நின்றதே இல்லை. பெட்டி வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கீழே இறங்காமல், நெளியாமல் போனது. பார்த்திபன் சொன்னது சரிதான். அதை ஒப்புக்கொண்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அடுத்த பல்டியில் மோட்டாரின் சத்தம் மாறியது, தகர டப்பாவில் திருகாணி உருள்வதுபோல. மோட்டாரைப் பிடித்திருந்த திருகுகள் இளகிவிட்டன. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. வயலுக்கு நடுவே வந்ததும் மோட்டாரை நிறுத்தினார். அது தட்டை பிளேன் ஓட்டிய கையின் பழக்கம். தட்டை அங்கேயே இலைபோல இறங்கியிருக்கும். பெட்டியின் வேகம் குறையவே இல்லை. வயலைத் தாண்டி, எதிர் வரப்பில் வயிற்றால் மோதி நின்றது.

குணசுந்தரி ஓடினார். விசிறியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சந்தனக் கட்டி ஒரு தகட்டில் அப்படியே இருந்தது. அந்த ஒருபக்கக் கனம்தான் அதிர்ந்து அதிர்ந்து திருகுகளை இளக்கியிருந்தது. நர்மதா இன்னும் பாதி வயலைக்கூடத் தாண்டவில்லை. கட்டை விரல் நகத்தால் அதைச் சுரண்டி, தூளை மண்ணில் தேய்த்தார்.

"இன்னாச்சு அண்ணி?"

"காத்து. நான்தான் தப்பா எறக்கிட்டேன்."

நர்மதா மண்ணில் உட்கார்ந்தார். விமானத்தின் வயிற்றுப் பக்கம் நீளமாகப் பிளந்திருந்தது. உள்ளே சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. கனம் குறைய ஒவ்வொன்றிலும் வட்ட வட்டமாகத் துளை போட்டு, ஓரங்களை வழவழப்பாகத் தேய்த்திருந்தார் பார்த்திபன். நர்மதா ஒரு துளைக்குள் விரலை விட்டுச் சுற்றினார்.

"ராத்திரில்லாம் இத்தத்தான் தேய்ச்சினு இருந்தாரா? மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. என் பிளேன்ல உள்ளன்னே ஒண்ணு கெடையாது."

"ஒட்டிடுவீங்களா?"

"ஒட்டிடலாம். நாளைக்கே ஒக்காந்தா முடிஞ்சிடும்."

"அவசரமில்ல அண்ணி," என்றார் நர்மதா. "கொஞ்ச நாளு தொறந்தே கெடக்கட்டும்."