பலகை மேல் ஒரு ரயில்வே கேட்

திருவொற்றியூரைத் தாண்டி மேம்பாலம் திறந்த மறுநாள், அதன் கீழே இருந்த ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அந்த கேட்டில் பதினோரு வருடம் வேலை பார்த்த கார்குழலி இரண்டு கொடிகள், கைவிளக்கு, சாவி, பதிவேடு எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு ராயபுரத்தில் ஒரு ரயில்வே ஆபீஸில் வேலை. வந்த தபால்களைப் பிரித்து, எண் போட்டு, மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. கொடுத்துவைத்தவள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அவளால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

கேட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் மணி அடிக்கும். வண்டி புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கைப்பிடியைச் சுற்றி கேட்டை இறக்கி, பூட்டி, சாவியைத் திருப்பி, கொடியோடு வெளியே போய் நிற்க வேண்டும். வண்டி போனதும் திறக்க வேண்டும். பதினோரு வருடம் இதையே செய்த உடம்பு, ஆபீஸிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக எழுந்துகொண்டது. எழுந்த பிறகு எங்கே போவதென்று தெரியாமல் ஜன்னல் வரைக்கும் போவாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கிடங்கின் சுவர். திரும்பி வரும் வழியில் தண்ணீர் குடிப்பாள். மூன்றாவது வாரம், பக்கத்து மேஜைக்கார அம்மா குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார். பரிசோதித்துப் பார்த்தாள். இல்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது மாடியில் அவள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. மகள் அம்முவுக்கு ஓசூரில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். கணவன் துரை டிரெய்லர் ஓட்டுகிறான். துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவே கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு போய்வருவான். துறைமுக வாசல் வரிசையில் மாட்டினால் மூன்று நாள் கழித்துத்தான் வீடு. அதனால் ஆபீஸ் விட்டு வந்தாலும் அவளுக்கு ஆள் இல்லாத வீடுதான். பெருக்கிய தரையை மறுபடி பெருக்குவாள். மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

ஒரு சனிக்கிழமை, குக்கருக்கு கேஸ்கட் வாங்க மூர் மார்க்கெட் போனாள். பழைய பொம்மைகள் விற்கும் சுஃபியானின் கடையில், ஒரு மேஜைமேல் விரலகலத் தண்டவாளத்தில் சின்ன ரயில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் இன்ஜின், நான்கு கரி வேகன்கள். அரைமணி நேரம் நின்று பார்த்தாள்.

"இன்னாக்கா, பேரனுக்கா?" என்றான் சுஃபியான்.

"எனுக்கு பாய்."

"உங்களுக்கா?"

"ஏன், எனுக்குக் கூடாதா?"

அவன் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கட்டினான். "வளைவுல மட்டும் அப்பப்போ விழும்க்கா. மொதல்லயே சொல்ட்டேன், அப்பாலிக்கா வந்து சண்ட போடக் கூடாது."

கேஸ்கட்டை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

புளியந்தோப்பில் ஒரு மரக்கடையில் பழைய கதவு ஒன்றை வாங்கி, மூன்று மாடி ஏற்றி, கட்டில்மேல் செங்கல் முட்டுக் கொடுத்துப் படுக்கப் போட்டாள். அதன்மேல் தண்டவாளத்தை வட்டமாகப் பொருத்தினாள். சுஃபியான் சொன்னபடியே வளைவில் இன்ஜின் கவிழ்ந்தது. பத்து சுற்றுக்கு மூன்று முறை. லைனில் வேலை செய்யும் கேங்மேன்கள் குனிந்து தண்டவாளத்தோடு கண்ணை வைத்துப் பார்ப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதேபோலக் கன்னத்தைக் கதவில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஓர் இணைப்பு நகக் கனம் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து அடியில் செருகினாள். அதற்குப் பிறகு நாற்பது சுற்று விழாமல் ஓடியது.

அன்று சாயங்காலம் வரை அவளுக்கு அந்த சந்தோஷம் இருந்தது. அப்புறம், வட்டத்தின் மறுகோடியில் இன்ஜின் மூச்சு வாங்குவதுபோல மெதுவாகப் போவது கண்ணில் பட்டது. கரண்ட் அதுவரை சரியாகப் போய்ச் சேரவில்லை. போனில் வீடியோ பார்த்து, சால்டரிங் பிடித்து, கதவுக்கு அடியில் ஆறு இடத்தில் ஒயர் வைத்துப் பற்றவைத்தாள். கடல்காற்றில் தண்டவாளம் கறுத்து, சக்கரத்தில் பொறி பறந்தது. தினமும் காலையில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். மலை, மரம், ஸ்டேஷன் என்று வீடியோவில் அழகழகாகச் செய்து காட்டினார்கள். அவள் அதையெல்லாம் தள்ளிவிட்டுப் போனாள். அவளுக்கு கேட் வேண்டும்.

குடைக்கம்பியில் கேட் செய்து சிவப்பும் வெள்ளையுமாகப் பூசினாள். எடைக்குக் காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கினாள். முதலில் நூலைப் பிடித்து இழுத்தால் கேட் இறங்கியது. கையால் இழுப்பது பிடிக்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட் போய்ச் சின்ன மோட்டாரும் மணியும் வாங்கினாள். காந்தம் பக்கத்தில் வந்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும் சுவிட்சும் வாங்கினாள். இன்ஜினுக்கு அடியில் காந்தத்தை ஒட்டினாள். வண்டி அந்த சுவிட்சைத் தாண்டினால் மணி அடிக்கும், கேட் இறங்கும். ஓடியது. ஆனால் கேட் பொத்தென்று விழுந்தது. உண்மையான கேட் அப்படியா விழும்? நான்கு நாள் அதோடு போராடினாள். கடைசியில் அது நிதானமாக இறங்கியது. அப்புறம், கேட் இறங்காமல் சிக்கிக்கொண்டால் வண்டி நிற்க வேண்டாமா என்று தோன்றியது. கேட்டுக்கு முன்னால் தண்டவாளத்தை வெட்டி, கேட் முழுக்கப் பூட்டினால் மட்டும் அந்தத் துண்டுக்குக் கரண்ட் போகும்படி செய்தாள். நிஜத்திலும் அப்படித்தான். கேட் பூட்டாமல் வண்டிக்கு சிக்னல் கிடைக்காது. சிக்னல் கொடுத்துவிட்டால், வண்டி கடந்து போகும்வரை கேட்காரி நினைத்தாலும் சாவி திரும்பாது.

ஒவ்வொன்றும் சரியாக அமைந்ததும், ஒரு டீ குடிக்கும் நேரம் சும்மா இருப்பாள். டீ தீர்ந்ததும் அடுத்த குறை கண்ணில் படும்.

ஒரு நாள் மத்தியானம், மூன்று நாள் துறைமுக வரிசையில் நின்றுவிட்டு துரை வீட்டுக்கு வந்தான். கட்டிலில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஒயர் கிடந்தது. நாற்காலியில் சால்டரிங் ஆறிக்கொண்டிருந்தது. லீவு போட்டிருந்த கார்குழலி கதவுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மே, நான் எங்க படுக்கறது?"

"இருய்யா, தோ ஆச்சு."

"போன மாசமும் இத்தயேதான் சொன்ன. மெய்யாலுமே கேக்கறேன், இன்னாத்துக்கு இத்தப் போட்டு நோண்டிகினே கீற?"

அவள் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெர்லய்யா. வுட்டா கை சும்மா இருக்க மாட்டன்னுது."

துரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு கதவுப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மணி அடித்தது, கேட் இறங்கியது, கரி வண்டி போனது. அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"எல்லாம் கரீட்டா கீது. ரோட்டுல ஒரு வண்டியக் கூட காணோம்? யாருக்கு கேட்ட மூடிகினு கீற?"

கார்குழலி சமையலறைக்குப் போனாள். பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் ஷேர் ஆட்டோ பொம்மையை எடுத்து வந்து, மூடிய கேட்டுக்கு முன்னால் வைத்தாள். அது வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வைப்பாள், எடுத்து ஒளித்துவிடுவாள்.

"ரெண்டாயிரத்து பத்தொம்போது," என்றாள். "சித்திர மாசம். நல்ல வெயிலு."

அன்றைக்கு கரி வண்டிக்காக கேட்டைப் பூட்டி சிக்னல் கொடுத்தாகிவிட்டது. வண்டி வரவில்லை. வழியில் எங்கோ பிரேக் குழாய் வெடித்து நின்றுவிட்டது. தண்டவாளம் கண்ணுக்கெட்டிய தூரம் காலி. ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே முன்னால் வந்து நின்றது. உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இறங்கி வந்து கத்தினான். கார்குழலி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினாள். வண்டி எந்த நேரமும் கிளம்பும், திறக்க முடியாது என்றார்கள். பதினேழு நிமிடம். அந்தப் பெண் கத்தவேயில்லை, கம்பியைப் பிடித்த கை மட்டும் வெளுத்துப்போயிருந்தது. வண்டி போனதும் கேட்டைத் திறந்தாள். ஆட்டோ போய்விட்டது. அதன் பின்கண்ணாடியில் நீல எழுத்தில் அலெக்ஸாண்டர் என்று எழுதியிருந்தது.

"அப்பால இன்னா ஆச்சு?" என்றான் துரை.

"அதான்யா தெர்ல."

"இத்தினி வருஷமா சொல்லவே இல்லியே குழலி."

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? நீயும் கேட்டாண்ட நின்னு கேட்காரிய திட்றவன்தான?"

துரைக்குக் கோபம் வரவில்லை. அது உண்மைதான். அவனும் ஆயிரம் தடவை திட்டியிருக்கிறான். அன்று அவன் தரையில் பாய் போட்டுப் படுத்தான். ஆனால் தூங்கவில்லை, போனை எடுத்து டிரைவர் நண்பர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்காவது நாள் ஆள் கிடைத்தான். திருவொற்றியூர் தேரடி ஸ்டாண்டில் ஓட்டுகிற அலெக்ஸாண்டர், அதே ஆட்டோ.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். பஸ்ஸில் கார்குழலி இரண்டு முறை எழுந்து இறங்கப் பார்த்தாள். துரை முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தான்.

அலெக்ஸாண்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆட்டோவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எக்கா, மனசுல வெச்சுக்காத. எனுக்கு ஞாபகமே இல்ல."

"பதினேழு நிமிசம் நின்னீங்கண்ணே. வெள்ளப் பொடவ, சேப்பு கரை."

"அந்த கேட்டாண்ட ஆஸ்பத்திரி கேஸ ஏத்திகினு நான் நின்னது ஒரு தபாவா, ரெண்டு தபாவா? ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி வுடுவேன், அடுத்த சவாரி பாக்கப் போய்கினே இருப்பேன். உள்ள போனவங்களுக்கு இன்னா ஆச்சுன்னு எனுக்கு யாரு சொல்லுவா?" இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்பத் திட்டிட்டனாக்கா?" என்றான்.

"திட்டுனீங்க."

"இன்னான்னு?"

அவள் சொன்னாள். அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். "அது... நான் அல்லாரையும் அப்பிடித்தான்க்கா சொல்றது."

தேரடியிலிருந்து கடற்கரைச் சாலை வரை கார்குழலி வேகமாக நடந்தாள். துரை இரண்டடி பின்னால் வந்தான். கடலைப் பார்த்தபடி, "அவனுக்கு ஞாபகமே இல்லய்யா," என்றாள். கோபமா, நிம்மதியா என்று துரைக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் பலகையைத் தொடவில்லை. எட்டாவது நாள் ஆபீஸில், தபால்களை அப்படியே வைத்துவிட்டு அதிகாரியின் அறைக்குப் போனாள். தன்னை மறுபடி லைனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "லைன்ல இருக்கறவங்க எல்லாம் ஆபீஸ் வேணும்னு எங்கிட்ட வந்து அழறாங்க. நீங்க இங்கருந்து போகணும்னு கேக்கறீங்களா?"

"உக்கார முடியல மேடம்."

"கேட் எல்லாம் ஒண்ணொண்ணா மூடிக்கிட்டு வராங்களே."

"கேட்டு வோணாம் மேடம். எதுனா நடக்கற வேலையா குடுங்க."

பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு விண்ணப்பித்தாள். அதாவது, வேகன்களைக் கோத்து, பிரித்து, எந்த வண்டி எந்த லைனில் போவதென்று பார்த்துக்கொள்ளும் வேலை. கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, பயிற்சி எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது. இப்போது எண்ணூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் இருக்கிறாள். வாக்கி டாக்கி ஒரு கையில், கொடி ஒரு கையில். கரித்தூளில் ஒரு ஷிஃப்டுக்கு எட்டு கிலோமீட்டர் நடக்கிறாள். கால் வலிக்கிறது, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. அந்தப் பெண்ணின் நினைப்பு விட்டுப் போய்விட்டதா என்று துரை ஒருமுறை கேட்டான். "எங்க போவும்? கூடவேதான் நடக்குது," என்றாள்.

யார்டுக்குப் போன இரண்டாவது மாதம், பலகையில் பாதித் தண்டவாளத்தைப் பெயர்த்தாள். ஒரே வட்டம் சரிப்படாது என்றாள். வண்டி கிளை பிரிந்து ஒதுங்குவதற்கு இன்னொரு லைன் வேண்டும். சுஃபியானிடம் சொல்லிவைத்து லைன் மாற்றும் துண்டுகள் இரண்டு வாங்கினாள். அதில் ஒன்று கோணல். அரம் வைத்து ராவிக்கொண்டிருக்கிறாள். ஆட்டோ பருப்பு டப்பாவுக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை, ரோட்டிலேயே நிற்கிறது. அதற்குப் பின்னால் துரை அட்டையில் ஒரு டிரெய்லர் செய்து நிறுத்தியிருக்கிறான். அந்த ரோட்டு வளைவில் டிரெய்லர் திரும்பாது, ரோட்டை அகலப்படுத்து என்று வரும்போதெல்லாம் சொல்கிறான். ரோட்டை அகலப்படுத்தினால் தண்டவாளத்துக்கு இடம் இல்லை என்று அவள் சொல்கிறாள். போன வாரம் அதற்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை.

"சரி, எப்போதான் வண்டி ஓடும்?" என்றான் துரை.

"பொங்கலுக்கு."

"எந்தப் பொங்கலுக்கு?"

அவள் அரத்தை வாயால் ஊதிவிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்து ஒரு கண்ணை மூடினாள். "தள்ளு, வெளிச்சத்த மறைக்காத," என்றாள்.