சந்தனம் அப்பிய துவக்கு

துவக்கைப் பற்றி ஆண்கள் கதைக்கத் தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒரு அரசாங்கக் கந்தோரில் துவக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். யானை விரட்ட, பன்றி விரட்ட என்று வயற்காரர் வைத்திருக்கும் துவக்குகளை மேசையில் வாங்கி வைத்து, இலக்கத்தை வாசித்து, குழலுக்குள் பார்த்துப் பதிவது என் வேலை. ஒவ்வொருவனுக்கும் ஒரு வீரக்கதை இருக்கும். பூட்டன் இதாலதான் கரடி சுட்டவர், துரை தன் கையால் கொடுத்தது, கண்டி ராசாவின் ஆட்கள் விட்டுப்போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தால் ஊர்க் கொல்லன் தண்ணீர்க் குழாயில் செய்த சாமானாக இருக்கும். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி.

ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். போன வருடம் ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு பெண் படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி, மட்டக்களப்பில் என் வீட்டைத் தேடி வந்துவிட்டாள். அவளுடைய புருசன் அங்கே ஒரு சின்ன அம்மன் கோயிலைக் கூட்டி விளக்கேற்றுகிறவர். அவரைப் பொலிஸ் பிடித்து விளக்கமறியலில் வைத்திருந்தது.

"துவக்கு வெச்சிருந்த எண்டு பிடிச்சித்தாங்க மிஸ். அது கோயில்ர துவக்கு. பூசைக்கு வெச்சிக் கும்பிடுற. கோயில் அறை ஒழுகுது எண்டு எங்கட வீட்டுலதான் சுத்தி வெச்சிருந்தாரு. சுடுற துவக்குத்தான் எண்டு முடிவானா வருசக்கணக்கா உள்ளுக்க போட்டுருவாங்களாம். நீங்க பாத்தா துவக்குர வயசு, சுடுமா சுடாதா எண்டெல்லாம் சொல்லுவீங்களாமே."

"பொலிசுக்கு ஆரு சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். முகப்புத்தகத்தில் ஒரு படம். கோயிலின் தலைமை வண்ணக்கர், அதாவது அந்தக் கோயில் நிர்வாகத்துக்குப் பெரியவர், பட்டு வேட்டியோடு துவக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். 'எமது குடிக்கு ஒல்லாந்தர் வழங்கிய வீர வரிசை' என்று கீழே எழுதியிருந்தது. முன்னூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்தக் கைதட்டலைப் பார்த்துத்தான் பொலிசும் வந்திருக்கிறது. வந்ததும் வீரர் என்ன செய்தார் தெரியுமா? படத்தை அழித்துவிட்டு, இந்தத் துவக்குக்கும் கோயிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இது எங்கள் ஊழியரின் வீட்டில் இருந்த சாமான் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். விளக்கேற்றுகிற மனிதனுக்கு அத்தோடு தண்ணீர் தெளித்தாயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அவளுடைய சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். அவர் நீதிமன்றத்தில் அனுமதி எடுத்தார். சான்றுப்பொருள் வைக்கும் அறையில், பதிவாளருக்கும் ஒரு பொலிஸ் சார்ஜனுக்கும் முன்னால், துவக்கை என் கையில் கொடுத்தார்கள். வேடிக்கை பார்க்க வண்ணக்கரும் வந்து மூலையில் நின்றார்.

அட கடவுளே, என்ன கோலம் அது! மரம் முழுக்க சில்வர் பெயின்ற். அதன் மேல் சந்தனம், குங்குமம், எண்ணெய், பிறகும் சந்தனம். வருடா வருடம் பூசைக்கு முதல் நாள் தேங்காய்த் தும்பாலும் செங்கல் தூளாலும் தேய்த்து மினுக்குவார்களாம். துவக்கு எந்த நாட்டில், யாருக்காகச் செய்தது என்பதைச் சொல்வது விசைப் பக்கத்து இரும்புத் தகட்டில் இருக்கும் முத்திரைகள்தான். அந்தத் தகடு முகம் பார்க்கிற கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. ஒரு எழுத்து, ஒரு கோடு இல்லை. பக்தியால் தேய்த்தே அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை அழித்துவிட்டார்கள்.

"இத இப்பிடித் தேய்க்கச் சொன்ன ஆரு?" என்று வண்ணக்கரைக் கேட்டேன்.

"அம்மாளுக்கு வெக்கிற சாமான் ஊத்தையா இருக்கலாமா தங்கச்சி?" என்றார்.

"கோயிலுக்குத் தொடர்பில்லாத சாமான் எண்டுதானே எழுதிக் குடுத்தீங்க? மறுகா என்னத்துக்கு அம்மாளுக்கு வெக்கிறீங்க?" என்றேன். சார்ஜன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வண்ணக்கர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒல்லாந்தர் கதை ஒரு நிமிடத்தில் செத்துப்போயிற்று. ஒல்லாந்தர் காலத்துத் துவக்கு தீக்கல் உரசி வெடிப்பது. இதிலோ கேப்பு என்கிற வெடிமூடியை வைத்து அடிக்கிற சின்ன முனை இருந்தது. அது அதற்கு வெகு காலம் பிந்திய வேலை. பிறகு குழலின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். எதிரும் புதிருமாக இரண்டு ஆழமான தவாளிப்புகள், குழல் நீளத்துக்கு ஓடும் பள்ளங்கள், விரலில் தட்டுப்பட்டன. இரண்டே இரண்டு! எனக்கு மயிர் கூச்செறிந்தது. பழைய துவக்குகளைப் பற்றிய புத்தகங்களைத் தேடி வாசிக்கும் பைத்தியம் எனக்கு உண்டு. இடுப்பில் பட்டி கட்டியது போன்ற ஓர் உருண்டைக் குண்டுக்காக, ஆங்கிலேயப் படை கொஞ்சக் காலம் இப்படிக் குழல் வெட்டியது. படத்தில்தான் பார்த்திருந்தேன்.

குழலைக் கழற்ற வேண்டும் என்றேன். மரத்துக்குள் புதைந்திருக்கும் அடிப்பக்கத்தைத் தும்பு தொட்டிருக்காது. ஆப்புகளைத் தட்டி எடுத்து, பின்திருகைக் கழற்றி, குழலைத் தூக்கினேன். அடியில் எல்லாம் இருந்தது. கிரீடம், படையின் அம்புக்குறி, பரிசோதகர் குத்திய சின்ன எழுத்துகள். குழலின் வயிற்றில் அரத்தால் போட்ட மூன்று வெட்டு, மரத்தின் உள்ளேயும் அதே மூன்று வெட்டு. குழலும் மரமும் ஒன்றாகவே பிறந்தவை, ஒட்டுவேலை இல்லை. நெருப்புப் போகிற துவாரத்தை ஊசியால் குத்திப் பார்த்தேன். சந்தனம் கல்லாக இறுகிப்போயிருந்தது. எத்தனையோ காலமாக இது வெடிக்கவில்லை, இனி வெடிக்கப்போவதும் இல்லை. அப்படியே அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

அரிதான சாமான் என்று கேள்விப்பட்டதும் வண்ணக்கரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "அப்ப எங்கட குடிக்கு வெள்ளைக்காரன்தான் குடுத்திருக்கான்" என்றார். ஒரு நொடியில் ஒல்லாந்தனைக் கைவிட்டுவிட்டு ஆங்கிலேயனைப் பிடித்துக்கொண்டார். வெட்கமில்லாத மனுசன்.

வழக்கு நாளில், நீதிமன்றத் தாழ்வாரத்தில், விலங்கோடு இருந்த அந்த மனிதனை முதல் முறையாகப் பார்த்தேன் என்று நினைத்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. அவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

"இவ்வளவு காலமும் இதப் பதியாம ஏன் வெச்சிருந்தீங்க? ஒருக்கா கந்தோருக்குக் கொண்டுவந்திருந்தா இந்தக் கரைச்சல் வந்திருக்குமா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"கொண்டுவந்தன் மிஸ். உங்களுக்கிட்டத்தான். நீங்க கையில வாங்கல்ல. இது துவக்கில்ல, உலக்கை, கொண்டுபோய் நெல்லுக் குத்துங்க எண்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் திரும்பிப் போயித்தன்."

எனக்கு அவரை நினைவே இல்லை. ஆனால் அந்த வார்த்தை என்னுடையதுதான். அந்த உலக்கைக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எத்தனை முறை கந்தோரே சிரித்திருக்கும்! அன்றைக்கு விரலை அதன் வாய்க்குள் விட்டிருந்தால் இரண்டு தவாளிப்பும் அன்றைக்கே தட்டுப்பட்டிருக்கும். அதற்குள் வழக்கை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதவான் என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார். துவக்கை அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டும், ஆளை விடுவிக்கலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார்.

"நீர் ஏன் இதைப் பதியவில்லை?"

நான் இரண்டாவது வாங்கில் உட்கார்ந்திருந்தேன். விளக்கேற்றுகிற மனிதர் என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாமப் பெயித்து ஐயா. பதியணும் எண்டு விளங்கல்ல."

"இந்த வயதில் இதுகூடத் தெரியாதா? உம்முடைய கவலையீனத்தால் எத்தனை பேருக்கு அலைச்சல்!" என்று நீதவான் ஏசினார். மன்றில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரையே வாயால் வெட்டுகிறவள், வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி, சரி, பஸ் போயிடும் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

இந்த வருடம் கோயில் சடங்குக்கு முன்னால் அவள் எனக்குப் போன் எடுத்தாள். ரிமாண்டுக்குப் போனவன் அம்மாளின் விளக்கைத் தொடக்கூடாது என்று வண்ணக்கர் அவள் புருசனை நிறுத்திவிட்டாராம். பதியாமல் வைத்தது அவனுடைய பிழை என்று நீதவானே சொன்னார்தானே என்று கூட்டத்தில் சொன்னாராம்.

"அவரு சோறு தண்ணி இல்லாமக் கிடக்காரு மிஸ். ஒருக்கா வந்து வண்ணக்கரோட கதைங்களன். உங்கட வாய்க்குத்தான் அவரு அடங்குவாரு."

பிழை யாருடையது என்று அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முழங்கால் வலி புள்ள, பஸ்ஸில் வர ஏலாது என்றேன்.