பூட்டிய ஆபீசில் பெரட்டு

மேலூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே நான் சைக்கிள் கடை வைத்திருந்தபோது, அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெருக்க ஆளில்லாமல், பூட்டிய கதவின் முன்னால் வேப்பம்பூ மெத்தைபோல் கிடந்தது. அதன் நடுவில் தினமும் விடியும்போதே ஒருவர் வந்து நிற்பார். பழைய கம்பளிக் கோட்டு. கைகளைக் கட்டிக்கொண்டு, எதிரில் அதிகாரி இருப்பதுபோல் நிமிர்ந்து நிற்பார். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அவரைச் சுற்றி மட்டும் மலைப்பனி இறங்கியதாக எனக்குத் தோன்றும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவராம். குடியிருக்க இடம் ஒதுக்கி இந்த ஆபீசில் உத்தரவு போட்டால்தான், மண்டபம் முகாமிலிருந்து மனைவியை அழைத்து வர முடியுமாம்.

புதியவர்களிடம் எனக்குப் பேச வராது. ஒருநாள் எப்படியோ கேட்டுவிட்டேன்.

“அண்ணே, ஸ்ட்ரைக்கு. ஒருத்தரும் வரமாட்டாக. எதுக்கு நிக்கிறீக?”

“தெரியுமுங்க. தோட்டத்தில காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நின்னாத்தான் பேரு போடுவாங்க. இல்லாட்டி அன்னிக்கு வேலை இல்லீங்க.”

“இங்க பேரு போட ஆளே இல்லையே?”

“நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க.”

மறுநாளிலிருந்து நான் விடியும் முன்பே கடையைத் திறந்தேன்.

வேலைநிறுத்தம் முடிந்த அன்று கூட்டம் அவரை ஓரத்தில் தள்ளியது. நான் சாலையைக் கடந்து ஓடி, “அவருதான் மொத ஆளு! நான் பாத்தேன்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பியூன் அவரை உள்ளே விட்டார்.

வெளியே வந்தவர் நேராக என் கடைக்கு வந்து கைகட்டி நின்றார்.

“நாளைக்குப் பெரட்டுக்கு வரமாட்டேனுங்க. பொஞ்சாதியைக் கூட்டியாரப் போறேன்.”

யாருக்கும் லீவு கொடுத்துப் பழக்கமில்லாத நான், “சரி, போய்ட்டு வாங்கண்ணே” என்றேன்.